மஞ்சள் கட்டங்கள்

தம்பி சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்த தாளில் குழந்தைகளுக்கு மஞ்சள் நிறம். எனக்கும் மஞ்சள்.

அவனுக்குப் பச்சை, அவன் மனைவிக்கு நீலம். மூன்று நாள் சுற்றுலாவுக்கு மணிவாரியாகக் கட்டம் போட்டு, ஆபீசிலேயே கலரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ஐரோப்பாவிலேயே கலகலப்பான தலைநகரமாம். நூற்றாண்டுக் கணக்கில் பழைய ஊராம். எனக்கு அவன் வகுப்பு எடுத்தான்.

நான் தாளைக் கையில் எடுத்துப் படித்தேன்.

முதல் நாள் காலை அரண்மனை, பச்சையும் நீலமும். மஞ்சள் ஹோட்டல் அறையில். மாலையில் ஆற்றில் படகு, பச்சையும் நீலமும். மஞ்சள் பூங்காவில். ராத்திரி ஊரே தெருவில் இறங்கி ஆட்டமும் பாட்டுமாக இருக்குமாம், அதனால் பச்சையும் நீலமும் பதினோரு மணி வரை வெளியே. மஞ்சளுக்கு எட்டு மணிக்குத் தூக்கம்.

எனக்கு நாற்பத்தாறு வயது.

இரண்டாம் நாள் பழைய மணிக்கூண்டின் உச்சிவரை ஏறுவது. பச்சையும் நீலமும் மேலே. மஞ்சள் கீழே, பெஞ்சில்.

பெஞ்சில் என்று எழுதியே இருந்தான்.

எனக்குக் காது மடல்வரை சூடேறியது. தம்பி பிள்ளைகள் இரட்டையர், மூன்று வயது, அத்தை அத்தை என்று உயிரை விடுவார்கள். அவர்கள்மேல் எனக்கு என்ன வருத்தம்? கோபமெல்லாம் கட்டம் போட்ட கைமேல்தான்.

"உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்க்கா" என்றான், பெரிய உபகாரம் செய்கிறவன்போல.

மாறுதலாம். பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரியில் ஜன்னல் இல்லாத எக்ஸ்ரே அறையில் நிற்கிறேன். மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்பேன், படம் எடுப்பேன், விடலாம் என்பேன். அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. கல்யாணம் ஆகாதவளுக்கு வேறு என்ன வேலை என்பது இவர்கள் நினைப்பு. இப்போது அதே வேலையை விமானம் ஏறிப் போய்ச் செய்ய வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே மேசையில்தான் என் ஆசையைச் சொன்னேன். ஒரு தடவையாவது அந்த ஊருக்குத் தனியாகப் போய்வர வேண்டும் என்று. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நீங்கள் அடுத்த தெருவுக்கே நாலு பேரிடம் வழி கேட்டுத்தானே போவீர்கள் அக்கா என்றாள் தம்பி மனைவி. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அன்று ஏன் சிரித்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

தாளில் இருந்ததிலும் பாதி தப்பு. திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், இவன் திங்கட்கிழமைதான் போட்டிருந்தான். சொன்னேன். மூன்றாம் நாளுக்குப் போட்டிருந்த கோட்டைக்குப் போகும் ஏற்றம் முழுக்கக் கல் பாவிய தெரு, இரட்டைத் தள்ளுவண்டி பத்தடிகூட ஓடாது என்றேன். நெட்டில் எவனாவது எழுதிவைத்ததைப் படித்துவிட்டுப் பேசாதே என்று முடித்துவிட்டான்.

தம்பி மனைவி பூசி மெழுகப் பார்த்தாள். நான் இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாதாம். போன வருடம் புது மெஷின் பயிற்சி என்று நான் ஆறு நாள் வெளியூர் போயிருந்தபோது ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து, மருந்து எங்கே என்று எனக்குத்தான் போன் போட வேண்டியிருந்ததாம். அலமாரியில் இரண்டாவது தட்டு, இடது பக்கம் என்று நான் சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிரே வந்ததாம். இதைப் பாராட்டு என்று நினைத்துச் சொன்னாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும், சட்டென்று தாளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி லேப்டாப்பைத் திறந்தான். விசா விண்ணப்பத்தை இன்றே நிரப்பிவிட வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொண்டுவா என்றான். நான்கு வருடத்துக்கு முன் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக எடுத்தது. உன்னுடையதில் புது வாசனைகூடப் போயிருக்காது என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

என் அறை மாடியில். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம், லீவு கிடைக்காது என்று சொல்லலாம். படி ஏறும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்தபோது அந்தப் பெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது.

கொண்டுவந்து அவன் முன்னால் போட்டேன். வைக்கவில்லை, போட்டேன்.

எண்ணைத் தட்டினான். பிறந்த தேதியைத் தட்டினான். இதற்கு முன் விசா வாங்கியதுண்டா என்ற கேள்விக்கு, என்னைக் கேட்காமலேயே இல்லை என்று அழுத்தினான். அப்புறம் சும்மா பக்கங்களைப் புரட்டினான்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

ஒரு விசா, அதில் என் போட்டோ. எதிர்ப்பக்கத்தில் இரண்டு முத்திரைகள், இரண்டும் அந்த ஊர் விமான நிலையத்தினுடையவை. உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி. எட்டிப் பார்த்த தம்பி மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த தேதி அவளுக்கு மறக்குமா?

"மருந்து எங்கன்னு போன் பண்ணப்ப நான் அந்த மணிக்கூண்டு உச்சியிலதான் நின்னுட்டிருந்தேன்" என்றேன். "அங்கேருந்து பாத்தா கீழ பெஞ்சு கண்ணுக்கே தெரியாதுடா."

அவன் கையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன். மஞ்சள் கட்டங்களில் வேறு யாரையாவது போட்டுக்கொள்ளட்டும்.

தம்பி அசையவில்லை. இழுத்த மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டு, என் மெஷின் முன்னால் நிற்கிறவர்களைப்போல உட்கார்ந்திருந்தான்.

"விடலாம்" என்றேன்.