மஞ்சள் முக்கோணம்

துளை நாலு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது.

எஃகுக் கட்டியில் வழிந்த எண்ணெயை ஒற்றியெடுத்துவிட்டு சூப்பர்வைசர் இன்னொரு முறை அளந்தார். தள்ளித்தான் இருந்தது.

அவள் தன் கணினிக்குத் திரும்பினாள்.

கட்டியை எந்த வழியில் குடைய வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லித்தருவது அவள் வேலை. என்ன வடிவம் வேண்டும் என்று வரைந்து கொடுப்பது, இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கும் அவள் கணவனின் வேலை. அவன் வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தாலும் அவள் போட்டதெல்லாம் பழசாகிவிடும்.

நகர்ந்திருந்தால் சாஃப்ட்வேரே காட்டிக்கொடுக்கும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். ஆனால் தானாக வராது, கேட்டால்தான் வரும். அதற்கென்று ஒரு பட்டன்.

அதை அழுத்தாமல் அங்கே யாரும் மெஷினை ஓடவிட மாட்டார்கள், அவளைத் தவிர. கல்யாணமான புதிதில், "உங்களுக்கு எதுக்கும்மா பட்டன், அதான் தலையணை இருக்கே" என்று பட்டறையே கிண்டல் செய்தது. அப்படியே பழகிவிட்டது. அவனும் எதை மாற்றினாலும் முதல் வேலையாக அவளிடம் வந்து சொல்லிவிடுவான். கோபமாக இருந்த நாட்களில்கூட.

இப்போது அழுத்தினாள்.

முக்கோணம் வந்தது. மாற்றியது நேற்று மாலை, அவள் கிளம்பிய பிறகு.

"யார் தப்பு?" என்றார் சூப்பர்வைசர். அடுத்த கட்டியை யார் வீணாக்கினாலும் வேலையை விட்டு அனுப்பிவிடுவதாக முதலாளி போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து ராத்திரி சாப்பிடும்போதே சொன்னேன் சார். தூக்கக் கலக்கத்துல சும்மா தலைய ஆட்டிருக்கா போல."

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புருஷன் பேச்ச எந்தப் பொண்டாட்டி காதுல வாங்கியிருக்கா" என்றபடி, அவள் பேரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

அவன் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

ஒரு மாதமாக இருவரும் தினமும் காலையில் வெவ்வேறு பஸ்ஸில் வந்து, பட்டறைத் தெருமுனையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, சேர்ந்தே கேட்டுக்குள் நுழைகிறார்கள். இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சியது அவள்தான். சரி என்றான். அந்த ஒரு வாக்கை மட்டும் அவன் ஒருநாளும் மீறியதில்லை.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எந்த வீட்டுல சாப்பிட்டீங்க?"