துடைத்த கண்ணாடி

“முகத்தில கரியாம், அவன் கண்ணாடியைத் துடைச்சானாம்” என்று சித்தப்பா யாரையோ பார்த்துச் சொல்வார். யாரை என்பது நித்தியானந்தனுக்கு மறந்துவிட்டது. வாசகம் மட்டும் கைவசம் இருந்தது.

அதைத்தான் சந்திரவதனாவிடம் சொன்னார்.

மெல்பேர்னில் ஓர் ஆய்வுக்கூடம். சூடான உலைக்குள் வாயுவை விட்டு, தகட்டின் மேல் மெல்லிய படலம் படியவைப்பார்கள். உலையின் கண்ணாடி வழியே அவள் லேசரைப் பாய்ச்சுவாள். எவ்வளவு ஒளி குறைகிறதோ, அவ்வளவு வாயு. அதே அளவைக் கணினியில் முன்கூட்டியே கணித்துத் தருவது நித்தியானந்தன் உருவாக்கிய கணித மாதிரி. மூன்று மாதமாக இரண்டும் பொருந்தவில்லை.

“ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டிருந்தால் எப்ப அளக்கிறது, சந்திரா? நீர் லேசர் பிடிக்க வந்தனீரோ, யன்னல் துடைக்க வந்தனீரோ?”

அவள் சிரித்தாள். ஓர் உறையை நீட்டினாள்.

“கூட்டத்துக்கு முதல் இதைத் தனியப் பாருங்கோ அண்ணா.”

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. சிபாரிசு கேட்கிறாளாக்கும் என்று அவர் பிரிக்கவே இல்லை.

கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் பார்த்தசாரதி கேட்டார். “ஏன் ஒத்துப்போகல?”

“மாதிரியில பிழையில்லை சேர். 2011இல நானே அளந்து கட்டுரை போட்டனான். அச்சொட்டாப் பொருந்தினது. அப்ப கிழமைக்கு ஒருக்காத்தான் கண்ணாடி துடைச்சனாங்கள்.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

சந்திரவதனா நித்தியானந்தனைப் பார்த்தாள். மேசையில் பிரிக்காமல் கிடந்த உறையையும் பார்த்தாள்.

“என்ர அளவிலதான் பிழை இருக்கும் சேர்.”

“அப்போ ஒப்பந்தத்தை நீட்டிக்கிறது கஷ்டம்மா.”

“ஓம்.”

தன் அறைக்கு வந்துதான் நித்தியானந்தன் உறையைப் பிரித்தார். ஒரே ஒரு வரைபடம். ஒரு கிழமை முழுக்கக் கண்ணாடியைத் துடைக்காமலே அளந்திருக்கிறாள். கண்ணாடியிலும் படலம் படியப் படிய, வாயு கூடுவதுபோலப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் அவருடைய 2011 கோட்டில் போய் உட்கார்ந்தன.

2011இல் அவர் அளந்தது கண்ணாடியின் அழுக்கையும் சேர்த்து.

கீழே பென்சிலில் ஒரு வரி: “அண்ணா, இதை நீங்களே சொன்னால்தான் அழகு. நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை.”

வரைபடத்தை மடித்தார். திரும்பவும் விரித்தார். முகம் எரிந்தது.

அன்று மாலையே, 2011 கட்டுரையை மீளப்பெறுவதாகச் சஞ்சிகைக்கு எழுதினார். சந்திரவதனாவின் பெயரோடு அந்த வரைபடத்தையும் இணைத்து, பார்த்தசாரதிக்கு ஒரு பிரதி அனுப்பினார்.