யாருக்குப் பொரித்த மீன்?

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஒரு நியாயத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் வயிறெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இந்தக் கையில குடுத்துட்டு அந்தக் கையில பிடுங்கறதுக்குப் பேரு உதவியா சார்?"

கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் லோர்னா போட்ட சத்தத்தில், வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் மாணவி டெஸ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி கர்ட் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நாங்க எதையும் பிடுங்கலை மேடம். இந்தப் பொண்ணுக்கு வெளியிலேர்ந்து ரெண்டாயிரம் டாலர் பரிசு வந்திருக்கு. அதனால எங்க உதவித்தொகையில ரெண்டாயிரத்தைக் குறைச்சிருக்கோம். விதி அப்படி."

"அப்ப ஜெயிச்சது யாரு? இவளா, உங்க கல்லூரியா?"

கர்ட் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்க ஊர்த் தீயணைப்புக்காரங்க குளிர்காலம் பூரா, வெள்ளிக்கிழமை தவறாம மீன் பொரிச்சு வித்துச் சேர்த்து, பேச்சுப் போட்டிக்குப் பரிசா வச்ச பணம் சார் அது. எண்ணெய்ச் சட்டி முன்னாடி நானும்தான் நின்னேன். உங்களுக்காகவா பொரிச்சோம்? முன்னாடியே சொல்லியிருந்தா எலுமிச்சம்பழமும் நறுக்கி அனுப்பியிருப்போமே!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க மேடம்."

"குறைச்சே தீரணும்னா, இவ தலையில கட்டியிருக்கீங்களே கடன், அதுல குறைங்க. அதைத் தொட மாட்டீங்க. இனாமாத் தர்றதுலதான் கை வைப்பீங்க!"

டெஸ் லோர்னாவின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். "போதும், வாங்க. போயிடலாம்."

"நீ சும்மா இரு. ஊரே கூடியிருந்த மண்டபத்துல மேடையேறிப் பேசி ஜெயிச்சவ. இங்க வந்து வாய் செத்துப்போச்சா?"

கர்ட் இளக்காரமாகச் சிரித்தார். "புரியுது மேடம். பெத்த மனசு. தன் பிள்ளைன்னு வந்துட்டா எல்லா விதியும் அநியாயமாத்தான் தெரியும்."

லோர்னா எழுந்தாள். அவள் குரல் தணிந்துவிட்டது.

"இவ என் பிள்ளை இல்லை சார். அந்தப் போட்டியில இவகிட்டத் தோத்தவதான் என் பிள்ளை. 'அழாதே, நம்மளைவிடக் கஷ்டப்படுற வீட்டுக்குத்தானே போச்சு'ன்னு சொல்லித்தான் அவளைத் தேத்தி வச்சிருக்கேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஜெயித்ததெல்லாம் குறையாமல் அவர்கள் கைக்கே வந்து சேரட்டும், கண்ணுகளா.