இன்னொரு வாட்டி

கிறிஸ்துமஸ் முடிகிற வரைக்கும் சர்ச் கொயர் பிராக்டீஸ் கரோலின் வீட்டில்தான் என்று கொயர் மாஸ்டர் மாணிக்கராஜ் முடிவு செய்துவிட்டார். கேட்கவில்லை. வாசலில் வந்து நின்று சொன்னார்.

"உங்க வீடுதான்க்கா எல்லாருக்கும் கிட்டக்க."

கரோலினுக்குச் சுருக்கென்றது. கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்தால், பெங்களூர் துணிக்கடையில் பில் போட்டுவிட்டு அவள் திரும்புவதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். பகலெல்லாம் கிளமெண்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு சரோஜம்மாவை அனுப்பிவிட்டு, கிளமெண்டுக்கு உடம்பு துடைத்து, சோறு ஊட்ட வேண்டும்.

கிளமெண்ட் அவள் கணவர். ஜூன் மாதம் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதுவரை சர்ச் கொயரில் அடிவயிற்றிலிருந்து எழும்பும் பேஸ் குரல் என்றால் அவர்தான். அப்படிப்பட்டவர் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, அவர் கண்ணெதிரிலேயே வந்து பாடுவதா? மனசு என்று ஒன்று இருக்கிறவர்கள் செய்கிற காரியமா?

ஆனாலும் சபைக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வந்தார்கள். பேஸ் பாடுகிறவர்கள் எல்லாரும் கிளமெண்டின் நாற்காலியைச் சுற்றியே உட்கார்ந்துகொண்டார்கள். போதாததற்கு அவளே டீயும் போட்டுக் கொடுத்தாள்.

தினமும் ஒரே பாட்டு. ஊரில் தங்க மைன்ஸ் ஓடிய காலத்தில் அந்தச் சபையிலேயே யாரோ கட்டியது. தேவதூதனைப் பார்த்து மரியாள் திகைத்து நிற்கிற இடத்தில் மற்ற எல்லாக் குரலும் அடங்கி, பேஸ் மட்டும் "பயப்படாதே" என்று இறங்கும்.

அந்த இடம் வந்தாலே பேஸ் பாடுகிற ரோனி கெடுத்தான். அவனும் கரோலினோடு அதே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன்தான். ஒரு நாள் பாட்டில் முந்திக்கொண்டு நுழைந்தான். மறுநாள் குரலை இறக்க வேண்டிய இடத்தில் ஏற்றினான். பக்கத்தில் இருந்தவர்களும் அவன் பின்னாலேயே போய்த் தடுக்கி விழுந்தார்கள்.

"இன்னொரு வாட்டி" என்பார் மாணிக்கராஜ்.

கிளமெண்டுக்கு முகம் சிவந்தது. இடது கையால் நாற்காலியைத் தட்டினார். தொண்டைக்குள் ஏதோ உறுமியது. அடுப்படியிலிருந்து கரோலின் ஓடிவந்தாள்.

"அவருக்குக் கோவம் வருது. போதும், நிறுத்திடுங்க."

"வரட்டும்க்கா" என்றார் மாணிக்கராஜ், அவளைப் பார்க்காமலே. "இன்னொரு வாட்டி."

மறுநாள் ரயிலில் அவளுக்கு ஆறவே இல்லை. ஜூன் மாதத்துக்கு அப்புறம் ஜெபம் என்று உட்கார்ந்தாலே பாதியில் அறுந்துபோகும். அன்றைக்கு அறுந்துபோகவில்லை. ஜன்னல் ஓரம் கண்ணை மூடி, ஆண்டவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். ஒன்று இவர்களை என் வீட்டைவிட்டு அனுப்பு, இல்லையென்றால் அவருக்கு வாயைக் கொடு. இரண்டில் ஒன்றைச் செய்வார் என்று ஏனோ திடமாகத் தோன்றியது. டிபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மத்தியானமே வந்துவிட்டார்கள். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. ரோனி வழக்கம்போல் தப்பாக எடுத்தான்.

கிளமெண்ட் இடது கையை உயர்த்தினார். ரோனி நிறுத்திக்கொண்டான்.

"ப... பய... பயப்படாதே."

துருப்பிடித்த குரல். வார்த்தை குழறியது. ஆனால் சரியான இடத்தில், சரியாக இறங்கியது.

கரோலின் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதமாக அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. மாணிக்கராஜ், "இன்னொரு வாட்டிண்ணா" என்றார்.

இன்னொரு வாட்டியும் வந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் கிளமெண்டை நாற்காலியோடு தூக்கிப்போய் கொயரின் நடுவில் வைத்தார்கள். அந்த இடம் வந்ததும் மற்ற பேஸ்காரர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் ஒருவர்தான் பாடினார். பயப்படாதே என்ற அந்த வார்த்தை மரியாளைத் தாண்டி நேராகத் தன்னிடமே வந்ததுபோல் இருந்தது கரோலினுக்கு. அழுகை வரவில்லை. ஜூன் மாதத்திலிருந்து இறுகிக் கிடந்த தோள்கள்தான் தளர்ந்தன.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கராஜின் கையைப் பிடித்து நன்றி சொன்னவள், அவர் பக்கத்தில் நின்ற ரோனியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத்தனை நாள் பாடியும் அந்த ஒரு இடம் உனக்கு வரவே இல்லியேப்பா. அடுத்த வருஷமாவது கத்துக்கோ."

ரோனி தலையைச் சொறிந்தான். மாணிக்கராஜ்தான் பதில் சொன்னார்.

"அது எங்க எல்லாருக்கும் தூக்கத்துல கூட வரும்க்கா. உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, அதைத் தப்பாப் பாடறதுக்குத்தான் எங்க வீட்ல உக்காந்து பிராக்டீஸ் பண்ணோம்."