ஜும்ஆ முடிவதற்குள்

லொறியில் ஏறும்போது கால் வழுக்கியது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம்.

பிடித்தது ஸ்டியரிங்கை.

கையை எடுத்துப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக்கில், நகம் உள்ளே போகுமளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து கழன்ற சில்லொன்று சீற்றில் கிடந்தது. அது இருந்த இடத்தில் உள்ளேயிருந்த இரும்புக் கம்பி தெரிந்தது.

பள்ளியில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. என் கணவர் மஷூர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்விட்டார். குத்பாப் பிரசங்கம், தொழுகை, பிறகு பள்ளி வாசலில் நாலு பேரோடு கதை. எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஒரு மணித்தியாலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலில் பழைய வாகனங்களின் ஊர்வலம். அதற்காக இரண்டு மாதமாக அந்த லொறியைத் துடைத்து, பொலிஷ் போட்டு, டயருக்கும் கறுப்பு அடித்து வைத்திருந்தார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முன் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துவிட வேண்டும். ஸ்டியரிங்கில் மட்டும் கை வைக்கக் கூடாது.

மஷூர் கை நீட்டுகிறவர் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். போன வருடம் நான் தண்ணீர் வாளியை இடித்து, லொறியின் பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. பதினொரு நாள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுவார். முகத்தைப் பார்க்கமாட்டார். பன்னிரண்டாம் நாள் அவர் உப்புக் கேட்டபோது, குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

அதே குசினியில் லாச்சியை இழுத்துப் பார்த்தேன்; சிங்க் ஒழுகியபோது வாங்கிய பசை இருந்தது. இரண்டு குழாய். சமமாகக் குழைத்தால் இருபது நிமிடத்தில் கல்லாகிவிடும். அவருடைய சாமான் பெட்டியிலிருந்து சாண்ட் பேப்பரும், பாடசாலைக்குப் போயிருந்த மகள் நிம்றாவின் கறுப்புப் பெயின்றும் எடுத்துக்கொண்டேன்.

சில்லை வைத்து அமுக்கியபோது பசை விரலெல்லாம் வழிந்தது. துணியால் துடைத்தால் துணி ஒட்டிக்கொண்டது. ஒழுங்கையில் ஓட்டோ ஒன்று போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் கேற்றைத் தாண்டி அது போனபிறகுதான் மூச்சு வந்தது.

இருபது நிமிடம் அந்தச் சில்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தேய்க்கத் தொடங்கினேன். என் பசையோடு சேர்ந்து பழைய கறுப்பும் கழன்றது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வந்தது. பயந்து இன்னும் தேய்த்தேன். பக்கத்தில் செங்கல் நிறத்தில் இன்னொன்று. அதற்கும் கீழே மூன்றாவது.

நான்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். நிறுத்தவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை.

பிறகுதான் விளங்கியது. எல்லாம் பழைய வெடிப்புகள். எப்போதோ, யாரோ ஒட்டி, மேலே கறுப்புப் பூசி மறைத்தவை. ஒன்றை மெழுகுதிரி உருக்கி நிரப்பியிருந்தார்கள். அந்த மெழுகில் ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். எட்டு வயது நிம்றாவின் விரல் என்றால் பொருந்தியிருக்கும்.

கேற் திறந்தது.

அன்றைக்குப் பார்த்து அவர் யாரோடும் கதைக்க நிற்கவில்லை.

தொப்பியோடு நேரே வந்து லொறிக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். என் கையிலிருந்த சாண்ட் பேப்பரைப் பார்த்தார்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இந்தத் தடவை எத்தனை நாளோ என்று மனம் எண்ணத் தொடங்கிவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிக் கேற்றைப் பார்த்தார்.

முகத்தில் இரத்தமே இல்லை. உதட்டுக்கு மேலே பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. கல்யாணம் செய்து பதினாறு வருடத்தில் அவரை அப்படி நான் கண்டதில்லை. ஆனாலும் அது என்னவென்று உடனே தெரிந்தது. முக்கால் மணித்தியாலமாக எனக்குள் இருந்ததும் அதுதான்.

தொப்பியைக் கழற்றிப் பொக்கெற்றில் வைத்தார். சாண்ட் பேப்பரை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். கண் கேற்றிலேயே இருந்தது. பெருவிரல் மட்டும், தேடாமலே, மெழுகு இருந்த இடத்துக்குப் போனது.

வேகமாகத் தேய்த்தார். சத்தம் வெளியே போய்விடுமோ என்று இடைக்கிடை நிறுத்தினார்.

"நீ கேற்றடியில நில்லு," என்றார் மெதுவாக. "வாப்பா வாரது தெரிஞ்சா ஒரு சத்தம் குடு."

இறங்கினேன். போய் நின்றேன்.

ஜும்ஆ முடிந்து ஒழுங்கையில் ஆண்கள் இரண்டு பேர், மூன்று பேராக வந்துகொண்டிருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. வருகிற ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தேன்.

பின்னால் தேய்க்கும் சத்தம் நின்றது. என் பதிலுக்காகத்தான் நிற்கிறது என்று தெரிந்தது.

"இன்னும் வரல்ல," என்றேன்.

சத்தம் மறுபடி தொடங்கியது.

அந்த லொறியில் கொலன்னாவையிலிருந்து எண்ணெய்ப் பீப்பா ஏற்றி நாங்கள் இருக்கிற வீட்டைக் கட்டியவர் மஷூருடைய வாப்பா. நான் நின்றிருந்த கேற்றால் அந்த வாப்பாவின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போய், வருகிற நோன்போடு ஆறு வருடம்.