அழகம்மாள் கைப் பால்

“உள்ள வரச் சொல்லல. அங்கனயே நின்னு சொல்லு,” என்றாள் அழகம்மாள்.

கருப்பம்மாள் வாசல் வெயிலிலேயே நின்றாள். சின்னாளபட்டியிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல் வந்தவளுக்கு நாக்கு வறண்டிருந்தது. ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் கேட்கிற உரிமை தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“அம்மா கண்ணை மூட மாட்டேங்குது, பெரியம்மா. வகுத்துக் கட்டிக்கு இனி மருந்தில்லன்னு டாக்டரு அனுப்பிட்டாரு. பதினொரு நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. நாங்க எல்லாரும் பால் ஊத்திட்டோம். தறிக்குழி மண்ணைக் கரைச்சு ஊத்துனோம். தங்கத்தை ஒரசி ஊத்துனோம். எதுலயும் போகல. ஒங்க பேரைத்தான் சொல்லுது.”

அழகம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “வேற என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்ல. ‘அழகு வந்தாளா’ங்கிறது ஒண்ணுதான்.”

கருப்பம்மாளின் அம்மா பேச்சாயியும் அழகம்மாளும் பாவாடை கட்டிய நாளிலிருந்து சேர்ந்தே இருந்தவர்கள். ஒரே சுங்குடிச் சேலைக்கு ஆளுக்கொரு முனையிலிருந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். எது யார் போட்ட முடிச்சு என்று சேலை கொடுத்த முதலாளிக்கே தெரியாது.

எல்லாம் சுதந்திரம் வந்த வருஷத்தோடு போயிற்று. ஜவுளிக்கடை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்றே மாதமான அழகம்மாள், ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் தங்கை சின்னக்கண்ணு சாயப்பட்டறைப் பையன் ஒருவனோடு விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பினாள். அம்பாத்துரை ஸ்டேஷனில் அப்பா முன்கூட்டியே வந்து காத்திருந்தார். மறுநாள் சின்னக்கண்ணைக் கிணற்றிலிருந்துதான் எடுத்தார்கள்.

விஷயம் பேச்சாயிக்கு மட்டும்தான் தெரியும், காட்டிக் கொடுத்தது அவள்தான் என்று அழகம்மாள் தெருவைக் கூட்டிச் சொன்னாள். அம்மன் கோயிலில் எரிகிற சூடத்தை அணைத்து, இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று சத்தியம் செய்தாள். பேச்சாயியையும் சத்தியம் செய்ய அழைத்தபோது அவள் சூடத்தைத் தொடவே மறுத்தாள். ஊருக்கு அது போதாதா?

கருப்பம்மாள் அப்போது கைக்குழந்தை. வளர்ந்த பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. கடைசியில் ரெட்டியார்சத்திரத்தில் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். காட்டிக் கொடுத்தவள் மகள் என்ற பேர்தான் அவள் கொண்டுபோன சீர். அதற்காக அவள் அம்மாவை ஒருநாளும் மன்னித்ததில்லை. இருந்தாலும் பதினொரு நாளாக அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“சூடம் அணைச்சவளைக் கூப்பிட எப்படிடி மனசு வந்துச்சு?” என்றாள் அழகம்மாள். “செஞ்ச பாவம் உசுரைப் புடிச்சு வச்சிருக்கு. கெடக்கட்டும்.”

கருப்பம்மாள் வாசலிலேயே விழுந்து அவள் காலைப் பிடித்தாள். “அது செஞ்சதுக்கு நான் கால்ல விழுறேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லி ரெண்டு சொட்டு ஊத்திட்டு வந்துருங்க, பெரியம்மா. அது போயிரும்.”

அழகம்மாள் காலை உருவிக்கொண்டாள். பிறகு சேலையை உதறிக் கட்டினாள்.

“வாரேன். ஆனா நான் ஊத்துறப்ப அங்க ஒரு ஆளு இருக்கப்படாது.”

“பால் ஊத்துற வீட்டுல யாரைப் பெரியம்மா வெளிய போகச் சொல்ல?”

“தங்கச்சி நெனப்புல நான் அழுதா அதை ஊரு வேடிக்கை பார்க்கணுமா?”

நியாயம்தான் என்று கருப்பம்மாளுக்குப் பட்டது. இருவரும் சின்னாளபட்டி பஸ் ஏறினார்கள்.

வீட்டுக்குள் தெருப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். “வந்துட்டா மகராசி!” என்றாள் அடுத்த வீட்டு அய்யம்மாள். “இன்னிக்காவது எங்க வீட்டுல ஒல கொதிக்குமா?”

“செத்த நேரம் எல்லாரும் வெளிய இருங்க அத்தை,” என்றாள் கருப்பம்மாள்.

“ஏண்டி, பதினொரு நாளா மூத்திரத் துணி அலசுனவ நானு. முடியுற நேரத்துல என்னைய வெளிய போகச் சொல்றியா?”

கருப்பம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அய்யம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

பாயிலிருந்து எலும்பாய்ப் போன ஒரு கை உயர்ந்தது.

“இருங்க,” என்றாள் பேச்சாயி. “யாரும் போகாதீக.”

பதினொரு நாளில் அவள் வாயிலிருந்து வந்த வேறு வார்த்தை அதுதான். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இத்தனை தெளிவு கடைசி மூச்சுக்கு அடையாளம் என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

கருப்பம்மாள் பாலாடையில் பாலை ஊற்றி அழகம்மாள் கையில் கொடுத்தாள். அழகம்மாள் பாயோரம் உட்கார்ந்தாள். கை நடுங்கிப் பால் விளிம்பில் தளும்பியது. தங்கை நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று கருப்பம்மாள் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

“பேச்சாயி, மன்னிச்சேன்டி,” என்றாள் அழகம்மாள் அவசரமாக. “போயிட்டு வா.”

பேச்சாயி வாயைத் திறக்கவில்லை. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மகள் முகத்தில் அவள் பார்வை சற்றுக் கூடுதலாக நின்றது. பிறகு, வாசல்வரை கேட்கும்படி சொன்னாள்:

“கை நடுங்காம ஊத்துடி அழகு. சின்னக்கண்ணை ஒங்கய்யாகிட்டக் காட்டிக் குடுத்தது நீதான்னு இன்ன வரைக்கும் நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல.”