பார்சல் கட்டிய வீடியோ

பழைய படுக்கை விரிப்பை அவள் சர்ரென்று இரண்டாகக் கிழித்தாள். எதிரே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்த கணவரின் கை லேசாக ஆடியது.

“ஆட்டாதீங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவள், மறுநொடியே முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டாள்.

அவள் ஓவியம் வரைபவள். அதுவரை அவளிடம் படம் வாங்கியவர்கள் மூன்றே பேர். அண்ணன் பாசத்துக்கு வாங்கினான். சித்தி சுவரிலிருந்த விரிசலை மறைக்க வாங்கினாள். நாத்தனார், அண்ணி முகம் வாடிவிடக் கூடாதே என்று வாங்கினாள்.

இப்போதுதான் முதன்முறையாக, உறவும் இல்லாத, வீட்டில் விரிசலும் இல்லாத யாரோ ஒருவர் வெளியூரிலிருந்து வாங்குகிறார். பார்சலில் பொட்டுப் பிளாஸ்டிக் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

படத்தைக் காட்டினால் போதாது, அதைக் கட்டுவதையும் காட்டு, உன்னைப் பற்றி வாயைத் திறந்து பேசு, அப்போதுதான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று இணைய வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கட்டுவதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. வாயைத் திறப்பதுதான் உயிர் போகிற வேலை.

விரிப்பில் படத்தைச் சுற்றினாள். நாலு மூலைக்கும் அட்டையை மடித்துத் தொப்பி போட்டாள். எதிர்வீட்டுக்காரர் டிவி வாங்கிய பெட்டிக்குள் அதை இறக்கி, இண்டு இடுக்கெல்லாம் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தாள். உலுக்கினால் உள்ளே சத்தம் வரக் கூடாது என்று சொல்லி உலுக்கியும் காட்டினாள்.

பிறகு தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. காகித டேப்பைக் கையில் உருட்டிக்கொண்டே பெட்டியைப் பார்த்துப் பேசினாள்.

“எனக்குக் கூட்டத்துல நிக்கவே பயம். அதனாலதான்...”

பேச்சு அங்கேயே நின்றது. டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டினாள்.

“அதனாலதான் கூட்டத்தை வரையறேன்.”

கூரியர்காரர் வந்தார். பெட்டி போனது. வாசலில் நின்று அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து வீடியோவை ஓடவிட்டாள்.

அவளைக் காணோம். பெட்டியைக் காணோம். திரை முழுக்கக் கணவரின் முகவாய், மூக்குத் துவாரங்கள், அதற்கு மேலே இரண்டு கண்கள்.

தலைமுடி சரியாக இருக்கிறதா என்று கைப்பேசியின் செல்ஃபி கேமராவில் பார்த்தவள், அதை மாற்றாமல் அப்படியே அவர் கையில் கொடுத்திருக்கிறாள். அவரோ கண்ணாடி போடாமல், கைப்பேசியை நெஞ்சருகே பிடித்து அதற்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஆனால் குரல் மட்டும் கணீரென்று பதிவாகியிருந்தது. விரிப்பு கிழிபடும் சத்தத்துக்கு அந்த முகம் சொத்து பறிபோனது போலச் சுருங்கியது. செய்தித்தாள் கசங்கும்போது, இன்னும் படிக்கவில்லையே என்று வாய் திறந்து மூடியது. பெட்டியை உலுக்கியபோது முகமும் கூடவே குலுங்கியது. அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது.

“அதனாலதான்...” என்று அவள் குரல் திக்கி நின்றது.

அவருடைய உதடுகள் நிற்கவில்லை. கூட்டத்தை வரையறேன் என்று ஓசையில்லாமல் அசைந்தன. அதற்கப்புறம்தான் அவள் குரல் வந்தது.

பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். அதேதான்.

காலிப் பெட்டி ஏதாவது கிடைத்தால் திரும்ப எடுத்துவிடலாம் என்று அவர் மெல்ல ஆரம்பித்தார். அதற்குள் அவள் வீடியோவை ஊர் உலகத்துக்கே அனுப்பிவிட்டிருந்தாள். சவரம்கூடச் செய்யவில்லையே என்று அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

வீடியோவில் பேசிய அந்தப் பேச்சை அதற்குமுன் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வாரமாகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டுத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள்.

சொட்டுத் தண்ணீர் வீணானாலும் வீட்டை இரண்டாக்கிவிடுகிற மனிதர், அந்த வாரம் முழுக்கக் குழாயைப் பற்றி மூச்சு விடவில்லை.